காயாத பலகை

இரும்புலியூரில் ஏரியை ஒட்டிய தன் நிலத்தில் தசரதன் மரத்தாலேயே ஏழு மாடி கட்டப்போகிறார் என்று தெரிந்ததும் ஊர் மொத்தமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. தீப்பிடித்தால்? டீக்கடையில் கேட்டார்கள், பால் பூத்தில் கேட்டார்கள், வீட்டுக்கடன் கேட்டுப் போனவர்களிடம் வங்கியில் கேட்டார்கள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கார்த்திகை வந்தால் முழங்கால் தண்ணீரில் பேருந்துக்கு நடக்கிற ஊர் இது. நெருப்பு என்றால் அலறுவோம். தண்ணீர் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிடுவோம். நம் புத்தி அவ்வளவுதான்.

நெருப்புக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சுபத்ராவுக்கு வாய் வலித்தது. கட்டுமானக் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஜினியர் அவள். நாற்பது வயது, கிழக்கு தாம்பரத்தில் வீடு. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசை போட்டு அழுத்திச் செய்த பெரிய பலகைகள், ஒரு சாண் கனத்தில் சுவர் சுவராகக் கப்பலில் வந்து இறங்கின. அதில் ஒரு துண்டை நிலத்தில் நட்டுவைத்து, கேஸ் பர்னரால் அரை மணி நேரம் எரித்துக் காட்டினாள் சுபத்ரா. மேலே கரியானது. உள்ளே விரல் வைத்தால் சூடுகூட இல்லை. தசரதன் அந்தக் கரித்துண்டைக் காரில் வைத்துக்கொண்டு வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அவர் பெருமைப்பட்டதில் தப்பில்லை. அப்பா காலத்தில் நெல் விளைந்த களிமண் அது. கான்கிரீட்டில் ஏழு மாடி என்றால் அஸ்திவாரத்துக்கே பாதிப் பணம் போய்விடும் என்று மூன்று கான்ட்ராக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். மரம் எடை குறைவு, அந்தச் சேறு தாங்கியது. கீழே கார் நிறுத்தும் தளம் மட்டும் கான்கிரீட். அதற்குமேல் ஆறு மாடியும் பதின்மூன்று வாரத்தில் எழும்பிவிட்டது. ஜல்லி லாரி இல்லை, தூசி இல்லை, சித்திரை வெயிலில் உள்ளே போனால் கோயில் பிரகாரம் போலக் குளுமை. மரம் நல்ல சரக்குதான். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நனைந்தால் காயவிட வேண்டும்.

அந்த நிபந்தனையைக் காப்பதுதான் சுபத்ராவின் வேலை. இரண்டு ஊசி வைத்த ஒரு சின்ன மீட்டர். பலகையில் குத்தினால் ஈரம் எத்தனை என்று எண் காட்டும். பதினாறுக்கு மேல் போனால் அந்தப் பலகையை மூடக் கூடாது. அவள் தாளில் எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்ட ஆள் வருவார்கள். நாற்பத்திரண்டு வீடுகளில் நாற்பத்தொன்றை அப்படித்தான் பார்த்துப் பார்த்து மூடினாள்.

ஐந்தாம் மாடியில் தசரதனுக்கென்று ஒதுக்கிய வீடு மட்டும் பாக்கி. கார்த்திகைப் புயலில் பால்கனிப் பக்கம் கட்டியிருந்த தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய், இரண்டு நாள் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பலகை ஹாலிலிருந்து ஒரே துண்டாக வெளியே நீண்டு பால்கனியாக நிற்கிற பலகை. மீட்டர் இருபத்தொன்பது காட்டியது. ஃபேன் வைத்துத் திறந்துபோட்டால் ஐந்தாறு வாரத்தில் காயும். தை பிறக்கும்போது மூடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அடுத்த நாள் தசரதன் சைட் ஆபீசுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே குரல் கேட்கும். அன்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இன்ஜினியரம்மா, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணாம். ஈரல் முழுக்கப் பரவிகீது."

அவர் மனைவி தனக்கோடிக்கு உடம்பு சரியில்லை என்று சுபத்ராவுக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

"அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கண்ண மூடறதுக்குள்ள புது வூட்ல பால் காய்ச்சணுமாம். கார்த்திகை இருபத்தேழு கடைசி முகூர்த்தம். அப்பால மார்கழி. தை வரைக்கும் அவ இருக்க மாட்டாம்மா."

"பார்க்கறேன் சார்," என்றாள் சுபத்ரா. பலகை ஈரம் என்று அவள் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கிற மனுஷனிடம் மீட்டரில் இருபத்தொன்பது என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். சொல்லியிருக்க வேண்டும்.

அவர் போனதும் மேனேஜர் சத்யநாராயணனிடம் போனாள்.

"டைல்ஸ் போடாம அப்படியே ஹோமம் பண்ணிக்கட்டுமே சார்?"

"வெறும் மரத்து மேல நெருப்பா? இன்சூரன்ஸ்காரன் காதுல விழுந்தா நம்ம கதை முடிஞ்சுது மேடம். அதுவும் புகை வெளியே போகணும்னு ஐயர் பால்கனி பக்கத்துலதான் குண்டம் வைக்கச் சொல்றாரு. சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினா தாராளமா பண்ணட்டும். உங்க ஷீட் வந்தா நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"இருபத்தொம்பது காட்டுது சார்."

"ஷீட் வந்தா ஆள் அனுப்பறேன்னு சொன்னேன். வேற எதுவும் நான் கேக்கல."

கெட்டிக்காரன். கை நனையாமல் மீன் பிடிக்கத் தெரிந்தவன். சுபத்ரா தன் மேஜைக்கு வந்து பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் மிரட்டவில்லை, யாரும் பணம் தரவில்லை. தையில் டைல்ஸைப் பெயர்த்துப் பலகையைக் காயவைத்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தாள். சாகப்போகிறவள் மேல் இரக்கம் ஒரு பக்கம். அந்தக் குடும்பத்தின் கண்ணில் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற தைரியம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

கார்த்திகை இருபத்தேழில் கிரகப்பிரவேசம் நடந்தது. தனக்கோடியை நாற்காலியோடு தூக்கி லிஃப்டில் ஏற்றி வந்தார்கள். பட்டுப்புடவைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. பால் பொங்கியபோது அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ஹாலில் பாதிப் பேர் அழுதார்கள். அவள் சுபத்ராவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா," என்றாள். பதினோராம் நாள் இறந்துபோனாள்.

தை பிறந்ததும் சுபத்ரா தசரதனிடம் போனாள். உண்மையைச் சொல்லி டைல்ஸைப் பெயர்க்கத்தான் போனாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஹால்ல டைல்ஸ் லெவல் கொஞ்சம் சரியில்ல சார். எடுத்துட்டு வேற போட்டுடலாம்."

"வேணாம்மா. கோணலா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். அவ கடைசியா உக்காந்த எடம், அதப் போய் இடிக்கச் சொல்றியே."

லெவலுக்காக யார்தான் இடிப்பார்கள்? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுபத்ரா தலையாட்டிவிட்டு வந்தாள். பங்குனியில் பொத்தேரி பக்கம் ஒரு மாணவர் விடுதி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அது கான்கிரீட். அவளுக்கு மூச்சு விட முடிந்தது.

முதல் வருஷத் திதிக்கு அழைத்தார்கள், போனாள். பால்கனியில் கால் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் வருஷம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் வருஷம் அழைக்கும்போது தசரதன் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "பால்கனி வாசப்படி ஓரமா காளான் மாதிரி வெள்ளையா மொளைக்குதும்மா. தொடச்சா மறுவாரம் வந்து நிக்குது. பேஜாரா கீது. வரும்போது ஒரு பார்வ பாரு."

அந்தப் பழைய மீட்டரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். படையல் போட்டாகிவிட்டது. எல்லோரும் சமையலறைப் பக்கம் இருந்த நேரம் பார்த்துச் சுபத்ரா பால்கனி வாசலில் உட்கார்ந்து, டைல்ஸ் ஓரத்து இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள். கேழ்வரகுக் களியில் விரல் இறங்குவது போல அது பிடிவரைக்கும் இறங்கியது. மீட்டரைக் குத்திப் பார்க்கத் தேவையே இல்லை. எழுந்து நேரே தசரதனிடம் போனாள். அவர் இலையில் சோறும் வடையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்."

"காக்காக்கு வெச்சிட்டு வந்துர்றேன். நீ காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலன்னு எம் பொண்ணு சொல்லுச்சு. சாப்ட்டுகினே பேசலாம்."

மொட்டை மாடியில் சோறு வைத்தால் அசிங்கமாகிறது என்று அசோசியேஷனில் தடை போட்டிருந்தார்கள். அதனால் பால்கனியில்தான் வைப்பார்கள் என்பது சுபத்ராவுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஒரு ஆள், ஒரு இலை, இரண்டு நிமிஷம், இத்தனை நாள் தாங்கியது இதையும் தாங்கும் என்று நினைத்தாள். தனக்கோடி படத்துக்கு முன்னால் வைத்து அந்த மனுஷனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

தசரதன் இலையைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். காகம் வரவில்லை. அவர் தம்பி தட்சிணாமூர்த்தி பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டார். காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் தேவதர்ஷினி தண்ணீர்ச் செம்போடு போனாள். காகம் எடுக்காவிட்டால் யாரும் சாப்பிட முடியாது. தனக்கோடிக்கு என்ன மனக்குறையோ என்று ஒரு அத்தை ஆரம்பித்ததும் இன்னும் ஐந்தாறு பேர் வெளியே போனார்கள். சுபத்ரா எண்ணினாள். ஒன்பது பேர்.

"எல்லாரும் உள்ள வாங்க."

"காக்கா இன்னும் எடுக்கலக்கா," என்றாள் தேவதர்ஷினி, திரும்பாமலே.

"பால்கனி தாங்காது. உள்ள வாங்க, ப்ளீஸ், உள்ள வாங்க." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியாதபடி உயர்ந்திருந்தது.

சிலர் என்னவோ ஏதோ என்று வேகமாக உள்ளே வந்தார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் நடந்த அசைவே போதுமானதாக இருந்ததோ என்னவோ, தசரதன் ஒரு காலை உள்ளே வைத்தபோது அவர் பின்னால் பலகை கீழே மடிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஊறின மரம் சத்தம் போடாது. இலையைப் பார்த்தபடி நின்ற தட்சிணாமூர்த்தியும் தேவதர்ஷினியும் ஐந்து மாடி கீழே விழுந்து இறந்தார்கள். வாசலில் சிக்கிய காலோடு தசரதனை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

மறுநாளிலிருந்து டிவியில் மரக் கட்டடம்தான் பேச்சு. மரமென்றால் அப்படித்தான், அன்றைக்கே சொன்னோமே என்று ஊர் திருப்தியாகச் சொல்லிக்கொண்டது. நாற்பத்திரண்டு குடும்பமும் சாமான் செட்டோடு வெளியேறின. சோதனைக்கு வந்த அதிகாரிகள் மற்ற பலகைகளையெல்லாம் குத்திப் பார்த்தார்கள். எல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தன. ஒரே ஒரு பலகைதான் மக்கியிருந்தது. அதற்கான தாளில் பதினான்கு என்று இருந்தது.

ஐந்தாம் நாள் சுபத்ரா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொடைவரை கட்டோடு படுத்திருந்த தசரதன் அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"வாம்மா. போலீஸ்காரங்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மட்டும் கூப்புடலன்னா ஒம்போது பேரும் போயிருப்போம்னு. உன் மேல எவனாவது கைய வெச்சா நான் வந்து நிப்பேன்."

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். இருபத்தொன்பது என்று மீட்டர் காட்டியதை, பதினான்கு என்று எழுதியதை, தையில் லெவல் என்று சொன்ன பொய்யை, அன்றைக்கு இலை வைக்கப் போனபோது வாயை மூடிக்கொண்டிருந்ததை. ஒன்றையும் விடவில்லை. நீட்டிய கை மெதுவாக மெத்தையில் இறங்கியது.

அவர் கேட்டார். "அன்னிக்கே ஈரம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"ஆன்ட்டிக்கு நாள் இல்லன்னு சொன்னீங்க சார். பால் காய்ச்சணும்னு அவங்க அவ்வளவு ஆசைப்பட்டாங்க. வேற வழி தெரியல."

"கீழ கார் நிறுத்தற எடம் சிமெண்ட் தரதானேம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "ஈரம்னு சொல்லியிருந்தா அங்கியே அடுப்ப வெச்சிப் பால் காய்ச்சியிருப்போம். அவளுக்கு இன்னா, அஞ்சாவது மாடிதான் வேணும்னா கேட்டா? நம்ம எடத்துல ஒருவாட்டி பால் பொங்கிட்டா போதும்னா."

சுபத்ரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவளுக்கு அது ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. தசரதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தேவதர்ஷினியின் கணவன் காபி வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "உக்காருங்க மேடம், ஏன் நிக்கறீங்க," என்று அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.