சங்கிலி அவர்கள்

சிங்கப்பூரில், அடுக்கடுக்காக மின்சாமான் கடைகளே இருந்த அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் தீப்திக்குக் கை பரபரத்தது. சித்திக்கு டேப்லெட், அத்தை பையனுக்கு வாட்ச், அக்கா வீட்டுக்காரருக்குக் காதில் செருகும் பட்ஸ். தல்லாகுளத்தில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம், ஆசைகளும் ஏராளம்.

"உனக்கு என்னடி வாங்கணும்?" என்று சரண்யாதேவியைக் கேட்டாள்.

"மைக் செட்டு."

தீப்தி சத்தமாகவே சிரித்துவிட்டாள். "அதுக்கு சிங்கப்பூர் வரணுமாக்கும்? டவுன்ஹால் ரோட்டுலயே குவிஞ்சு கிடக்கே!"

"கிடக்கட்டும். எனக்கு இங்கேருந்துதான் போகணும்."

இருவரும் மதுரையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பயிற்சிக்கென்று கம்பெனிதான் விமானம் ஏற்றி அனுப்பியிருந்தது. வண்டியூர் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் காலனியில் சரண்யாதேவிதான் முதல் பட்டதாரி, எலக்ட்ரிகல் இன்ஜினியர். அங்கிருந்து முதலில் விமானம் ஏறியவளும் அவள்தான். ஊருக்கு என்ன கொண்டுபோவது என்று அவள் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வயதிலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

ஊர்த்தெருவில் செல்வக்குமாருக்கு வாடகை மைக் செட் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்கும் அவன் செட்டுதான், அவன் குரல்தான். கோயில் பொங்கலன்று வேலை செய்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வது வழக்கம். ஊர்த்தெருப் பொங்கலில் செல்வக்குமார், "உயர்திரு இன்னார் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்று தேனாகப் பேசுவான். அதே மைக், அதே வாய், மறுவாரம் காலனிக்கு வந்தால், "சங்கிலி எங்கப்பா? வந்து துண்ட வாங்கிட்டுப் போ" என்னும். வாடகையில் மட்டும் ஒரு பைசா குறையாது.

சங்கிலி அவளுடைய அப்பா. துண்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே இறங்கி வருவார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடிந்ததில்லை.

மூன்றாவது மாடியில் ஒரு சீனப் பெரியவரின் கடையில் ஒலிபெருக்கிகள் வரிசையாக நின்றன. "பாட்டுப் பாடவா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. பேர் சொல்ல" என்றாள் சரண்யாதேவி.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கறுப்பாக, இடுப்புயரம் இருந்த ஒன்றை இழுத்து வந்து, கடைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகி, ஒயர் இல்லாத மைக்கை அவள் கையில் கொடுத்தார். வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்காமல் அவள் வீட்டில் குக்கர்கூட வாங்கியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உயர்திரு சங்கிலி அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

மாடியே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடையிலிருந்து எவனோ ஒரு தமிழ்ப் பையன், "அவர் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காருங்க!" என்று கத்தினான். பெரியவர் பயந்துபோய் ஒலியைக் குறைத்தார். தீப்தி முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள்.

"மானத்த வாங்காதடி! யாரு அது சங்கிலி?"

"எங்கப்பா."

ஒலிபெருக்கியை வாங்கியதில் பெட்டி எடை கூடிப்போகும் என்று தெரிந்ததும், தீப்தி சரண்யாதேவியின் துணிமணிகளைத் தன் பெட்டிக்குள் திணித்துக்கொண்டாள். "ஒன் சுடிதாருக்காக எங்க சித்தி சாக்லேட்ட விடுறேன். ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

காலனிப் பொங்கல் அன்று சாயங்காலம் கோயில் முன்னால் காலனியே கூடி நின்றது. இந்த வருஷம் வாடகை செட் வேண்டாம் என்று செல்வக்குமாருக்கு முன்பே சொல்லி அனுப்பியாயிற்று. பெட்டியைப் பிரித்து, ஒலிபெருக்கியை நிறுத்தி, பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான் சரண்யாதேவி கவனித்தாள். சிங்கப்பூர் பிளக்கின் மூன்று முனைகளும் பட்டைப் பட்டையாக இருந்தன. நம் ஊர் ஓட்டையோ உருண்டை. இன்ஜினியரிங் படித்தவள், அப்பாவின் பேரைச் சொல்லிப் பார்த்த ஜோரில் பிளக்கைப் பார்க்கவில்லை.

ரோட்டில் பைக் ஒன்று நின்றது. செல்வக்குமார். "என்னா புள்ள, சிங்கப்பூர் பிளக்கு நம்மூரு ஓட்டையில எறங்கலையா? அண்ணன் செட்டக் கொண்டாரவா?"

"வேணாம்ணே. வந்தது வந்துட்டீங்க, நின்னு கேட்டுட்டுப் போங்க."

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். ஓடாமல் மூலையில் கிடந்த இலவச கிரைண்டரின் ஒயரைப் பிளக்கோடு வெட்டிக் கொண்டுவந்தாள். அம்மா தங்கப்பொண்ணு கத்தியையும் இன்சுலேஷன் டேப்பையும் நீட்டினாள். "எலெக்ட்ரீசியனக் கூப்புடவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எவன எதுக்குக் கூப்புடணும்? அவ என்னாத்துக்குப் படிச்சா?" என்றாள் தங்கப்பொண்ணு.

சிங்கப்பூர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பழுப்பு ஒயரைச் சிவப்போடு, நீலத்தைக் கறுப்போடு, பச்சையைப் பச்சையோடு முறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றிச் செருகினாள். சின்னதாக நீல விளக்கு எரிந்தது. கூட்டம் 'ஓ' என்றது.

சரண்யாதேவி மைக்கை எடுத்தாள்.

"நம் கோயில் மதிலைத் தன் கையால் கட்டிக் கொடுத்த உயர்திரு சங்கிலி அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

ஒருவரும் வரவில்லை.

சங்கிலி கூட்டத்தின் கடைசியில், அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். யாரோ பெரிய மனுசன் வருகிறான் என்று நினைத்து, எழுந்து ஒதுங்கி வழிவிட்டு நின்றார். பின்னால் திரும்பி ரோட்டைக்கூடப் பார்த்தார்.

"சின்னையா, ஒங்களத்தான் கூப்புடுறாக!" என்று தோளில் தட்டினாள் பக்கத்து வீட்டு முத்துமீனா.

"என்னையவா? எம்பேரு அம்புட்டு நீளமில்லையே ஆத்தா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடையில் சரண்யாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் சொன்னாள். உயர்திரு. சங்கிலி. அவர்கள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்தார். துடைத்தது போதாதென்று குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் காலனி காத்திருந்தது. நாட்டாமை பீமாராவ் பரிவட்டம் கட்டியபோது சங்கிலி குனியவில்லை. உயரம் போதாத பீமாராவ்தான் எக்கிக் கட்டினார். இந்த முறை அப்பா சிரிக்கவும் இல்லை. நிமிர்ந்து நின்று, நேரே முன்னால் பார்த்தார்.

"அடியே, பொம்பளைங்களுக்குப் பேரு கிடையாதா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் மலையம்மாள். மதிலுக்கு மண் சுமந்தவள். "எனக்கும் உயர்திரு போடு, ஆமா!"

"போட்டுருவோம் பெரியம்மா. வரிசையில நில்லுங்க."

ரோட்டில் செல்வக்குமாரின் போன் அடித்தது. சத்தம் கேட்டு ஊர்த்தெருவிலிருந்து யாரோ விசாரித்தார்கள். "மந்திரியெல்லாம் ஒருத்தரும் வரலண்ணே" என்று அவன் சொல்வது மேடைவரை கேட்டது. "அட, நம்ம சங்கிலிதான்."

சரண்யாதேவி ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகினாள். ஒலிபெருக்கியை ஊர்த்தெருப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சங்கிலி அவர்கள்" என்றாள் மைக்கில்.