மைக்ராஸ்கோப்பின் நெற்றி

முருகையன் சார் பதினான்கு வருடமாக அறிவியல் ஆசிரியர். அந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததில்லை. இது அவருக்கும் அவர் மனைவி சரோஜாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சரோஜாவுக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் ஆபத்தான நிலையில் இருந்த ரகசியம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரியில் அறுபது பேருக்கு ஒரே மைக்ராஸ்கோப். முன் பெஞ்சுக்காரர்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் குனிந்து ஆராய்ந்தார்கள். கடைசி பெஞ்சு முருகையன் முறை வந்தபோது மணி அடித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் நோட்டைப் பார்த்துப் படம் வரைந்து பத்துக்கு எட்டு வாங்கினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்தவனுக்கு ஏழு.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்ததும், இனி ஆசை தீரப் பார்க்கலாம் என்று நினைத்தார். அங்கே மைக்ராஸ்கோப் இருந்தது, தலைமையாசிரியர் ஆதிமூலத்தின் அறையில், பீரோவுக்குள். உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். பெண் பிள்ளைகள் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் மறுபடி உள்ளே போய்விடும். உற்சவருக்குக்கூட வருடத்தில் அதைவிட ஜாஸ்தி புறப்பாடு உண்டு.

1999-இல் மதிவதனி வந்தார். சென்னையில் ஆராய்ச்சியாளர். அறிவியல் பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போய்ச் சேருகிறதா என்று, ஆசிரியர்களோடு சேர்ந்து பார்க்கிற திட்டம். முதல் நாள் எட்டாம் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து, சோதனைச் சாமான்களை யார் தொடுகிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பாடம் முடிந்ததும் தாளை நீட்டினார். வகுப்புத் தலைவன் அருள்ராஜ், மூன்று. மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகள், பூஜ்யம். முருகையன் சார், நாற்பத்தொன்று.

"நான் மட்டுமா தொட்டேன்?"

"நீங்க பொறுப்பா செஞ்சீங்க சார். அதான் யாருக்கும் பாக்கி வைக்கல," என்று சிரித்தார் மதிவதனி. "மாத்திப் பாப்போமா? அடுத்த வாரம் மைக்ராஸ்கோப். கடைசி பெஞ்சுலருந்து ஆரம்பிக்கலாம். நாம ரெண்டு பேரும் சேந்துதான் ஆராயறோம், நீங்களும் ஆராய்ச்சியாளர்தான்."

அன்று மாலை முருகையன் சார் நடந்து வீட்டுக்கு வரவில்லை, மிதந்து வந்தார்.

"நானும் ஆராய்ச்சியாளராம்," என்றார்.

"ஆராய்ச்சியாளருங்க கறிவேப்பில வாங்கியாந்தாங்களா?" என்றாள் சரோஜா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்த டப்பாவுல நீங்க பாத்ததே இல்லியே. அந்தப் பொண்ணு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

மிதந்தவர் தரை தட்டினார்.

ஒரே வழி, முன்கூட்டி ஒத்திகை. குறித்த நாளில் விடிந்ததும் பள்ளிக்குப் போய், ஆதிமூலத்திடம் பீரோ சாவி வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, வெங்காயத் தோலை வைத்துக் குனிந்தார். சிவப்பாக மூன்று உருண்டை தெரிந்தது. ஒன்று காது மாதிரி இருந்தது. முருகையன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. 'இதுதானா செல்! புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களே!'

வெளியே வந்தபோது ஆதிமூலம் அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார், இமை மேல பொட்டு?"

"கோயிலுக்குப் போயிருந்தேன் சார்," என்று வாயில் வந்ததைச் சொன்னார். திருவண்ணாமலையில் குங்குமம் எங்கே ஒட்டியிருந்தாலும் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

வகுப்பு ஆரம்பித்தது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் முதலில் வந்தார்கள். தாங்களே தோல் உரித்தார்கள், தாங்களே கண்ணாடித் தகட்டில் வைத்தார்கள். முருகையன் சார் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒன்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் பார்த்து, படம் வரைந்து கொடுத்தார்கள்.

அருள்ராஜும் முன் பெஞ்சும் செங்கல் அடுக்கிய மாதிரி அழகாக வரைந்திருந்தார்கள். கடைசி பெஞ்சு பாஞ்சாலையின் தாளில் மூன்று சிவப்பு உருண்டை. ஒன்று காது மாதிரி. முருகையன் சார் இரண்டுக்கும் 'சரி' போட்டார்.

"ஒரே வெங்காயம், ரெண்டு படம். எது சார் சரி?" என்றார் மதிவதனி.

"ரெண்டும்... ஒரு விதத்துல..." என்று இழுத்தார் சார்.

"அருள்ராஜ், நீ இன்னா பாத்த?"

"செவப்பா தெரிஞ்சுது மிஸ். புக்குல இருக்கறதுக்குத்தான மார்க்கு."

அப்போது பாஞ்சாலை எழுந்தாள். "சார், அது வெங்காயமே இல்ல சார். நான் தோல எடுத்துட்டும் பாத்தேன், செவப்பு அங்கியேதான் கீது. மேல கண்ணு வெக்கிற குழாயத் திருப்புனா அதுவும் கூடவே திரும்புது. அது குங்குமம் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சார்.

"நான்தான் வெச்சேன். பூஜையன்னிக்கு. அதுக்கு நெத்தி எங்கன்னு தெரியல. கண்ணுக்குப் பக்கத்துலதான இருக்கும்னு அங்க வெச்சேன். பொடி உள்ள உதிந்திருக்கும்."

வகுப்பு குலுங்கியது. மதிவதனி மட்டும் எதையோ வேகமாக எழுதினார். பாஞ்சாலை குழாயைக் கழற்றி, தாவணி முனையால் பதமாகத் துடைத்து மாட்டினாள்.

"அப்ப இன்னிக்கு யாருமே செல்லப் பாக்கல," என்றார் மதிவதனி. "இதுவரைக்கும் பாக்காதவங்க கை தூக்குங்க."

நாற்பது கைகள் எழுந்தன. முருகையன் சாரின் கைகள் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சண்டை போட்டன. இமைமேல் இன்னும் குங்குமம் இருந்தது. சாட்சியே முகத்தில் இருக்கும்போது எதை மறைப்பது? வலது கை ஜெயித்தது, மெதுவாக மேலே வந்தது.

"நானும்தான் மிஸ். காலேஜுல என் முறை வந்தப்ப மணி அடிச்சிட்டாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மதிவதனி தாளில் நாற்பது பெயருக்குக் கீழே முருகையன் என்று எழுதினார். "கடைசி பெஞ்சுதான சார்? அப்ப முன்னாடி வாங்க."

பாஞ்சாலைக்கு அடுத்து நின்றார். அவள் திருகைச் சரிசெய்து இடம்விட்டாள். "மூக்குக் கண்ணாடியக் கழட்டுங்க சார். மேசையில கை ஊணாதீங்க, ஆடும்."

குனிந்தார். செங்கல் செங்கலாக, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி.

"அட," என்றார். "பதினாலு வருஷமா நான் போர்டுல போட்டது சரிதான் போலருக்கே!"

"போதும் சார். பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

நிமிர்ந்து திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, பிள்ளைகளுக்கு முன்னால் புகுந்து நின்றிருந்தார் தலைமையாசிரியர் ஆதிமூலம்.

"சார், லைனு அங்க முடியுது," என்றாள் பாஞ்சாலை.