பழைய தண்ணீருக்குப் புதுத் தண்ணீர்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே ஓர் ஊர். பேரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடைக்கலம்தான் மேஸ்திரி. வேலைக்கு வந்தபோது கறுப்பாக இருந்த மீசை வெளுத்துவிட்டது. வேலை மட்டும் டெம்பரரியாகவே இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் காவிரியில் மணல்தான் ஓடியது. காற்றடித்தால் கொஞ்சம் வேகமாக ஓடியது. திருச்சியிலிருந்து பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்தார்.

"தட்டுப்பாடு வந்தா ஊர் தாங்குமான்னு ஒத்திகை பார்க்கணும். வியாழக்கிழமை காலையில் குழாயை மூடும். மத்தியானம் நானே வந்து திறப்பேன். ஒழுங்கா நடந்தா உம்மை நிரந்தரம் பண்றேன். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

அடைக்கலம் முறைப்படி தண்டோரா போட்டார். "வியாழக்கிழமை காலையில தண்ணி வராதுங்கோ! வெறும் ஒத்திகைதானுங்கோ!" அங்கேதான் தப்பு. முதல் பாதியைச் சொன்னதுமே தெரு காலி. இரண்டாவது பாதியைக் கேட்க ஒரு ஆடுதான் நின்றது.

குடம், தவலை, அண்டா எல்லாம் நிறைந்தன. பிறகு உரல்குழி நிறைந்தது, குதிர் நிறைந்தது, அப்புறம் தூளி. தூளியில் தண்ணீர் நிற்குமா என்று கேட்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள் போடும் முடிச்சைப் பார்த்ததில்லை. ஒரு தவில்காரர் ஒரு பக்கத் தோலைக் கழற்றிவிட்டு உள்ளே நிரப்பினார். அதற்கப்புறம் அவர் வாசித்த கல்யாணங்களில் எல்லாம் தூறல் விழுந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பம்பு டிரைவர் நல்லதம்பி வந்தான்.

"மேஸ்திரி, தொட்டி காலிங்க."

"பம்பைப் போடுடா."

"போட்டேங்க. ஆத்துக் கெணத்துலேர்ந்து மணல்தான் ஏறுது. திரும்ப ஊற நாளாகும்."

"நாளைக்கு அவர் வந்து குழாயைத் திறப்பாரே!"

"காத்து வரும். வெயிலுக்கு நல்லதுன்னு சொல்லிப் பாருங்க."

அடைக்கலம் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை, வீடு வீடாக இருக்கிறது. ஆனால் கேட்டால் கொடுப்பார்களா? அந்த ஊரில் உயிரைக் கேட்டால் யோசிப்பார்கள். தண்ணீரைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். அப்போது தெருவில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான்: "பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம்!" அடைக்கலத்துக்கு ரங்கநாதரே கூவியது போலிருந்தது.

உடனே மறு தண்டோரா. "பழைய தண்ணிக்குப் புதுத் தண்ணிங்கோ! காலையில ஊத்தினா மத்தியானம் புதுசுங்கோ!"

விடிந்ததும் தரைத்தொட்டியைச் சுற்றி வரிசை. முதல் ஆள் வேலம்மாள். அவள் பேரம் பேசாமல் விபூதிகூட வாங்கியதில்லை.

"என்னோடது செப்புத் தவலைத் தண்ணி. குடத்துக்கு ஒண்ணேகாலாப் போட்டுக் குடுங்க."

"பழசுன்னா சேதாரம் உண்டும்மா. நியாயமா நான்தான் கழிக்கணும்."

"நேத்துப் புடிச்சதுக்கா சேதாரம்?"

"நேத்துப் புடிச்சதைத்தானே பழசுங்கறது?"

வேலம்மாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அது பழசாகத்தான் தெரிந்தது. குடத்துக்குக் குடம் என்று முடிந்தது. ஊரே ஊற்றியது. நல்லதம்பி மேல்தொட்டிக்கு ஏற்றிக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் இன்ஜினியர் வந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கூடவே துளசி இலை, வெட்டிவேர்த் துணுக்கு. கையில் ஏந்திக் குடித்தார்.

"பேஷ்! இந்தக் கோடையில் இவ்வளவையும் எங்கேய்யா சேமிச்சு வச்சீர்?"

"வீட்டுக்கு வீடுங்க ஐயா."

இன்ஜினியர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். "நீர் நிரந்தரம்" என்றார். ஜீப்பில் ஏறினார். வளைவில் மணலில் சக்கரம் புதைந்து ஜீப் நின்றுவிட்டது.

இங்கே பெண்கள் புதுத் தண்ணீருக்கு வந்துவிட்டார்கள். ஒரு கூச்சல் எழுந்தால் ஜீப்புக்குக் கேட்டுவிடும். வேலம்மாள் உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுக் கொப்பளித்தாள். விழுங்கினாள். அடைக்கலம் ஜீப்பை ஒரு தரம் பார்த்தார், அவள் வாயை ஒரு தரம் பார்த்தார்.

"என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான். நேத்து ஒரே பாசி நாத்தம்."

குடத்தை இடுப்பில் ஏற்றியவள் நகரவில்லை.

"அடுத்த ஒத்திகை எப்போங்க மேஸ்திரி? முன்னாடியே சொல்லிடுங்க, புடிச்சு வைக்கணும்."

அடைக்கலம் ஓடிப்போய் முதலில் ஜீப்பை மணலிலிருந்து தள்ளி வளைவைத் தாண்ட வைத்தார்.