இடக்கை ட்ரம்பெட்

வெர்லீன் இரண்டாவது பெட்டியையும் பிரித்து, தேவாலய வாசலில் வருபவர்களுக்கு அட்டை விசிறிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நியூ ஆர்லியன்ஸில் ஜூலை மாதத்துச் சாவுக்கு விசிறி கொடுக்காவிட்டால் வந்தவர்கள் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். ஒவ்வொரு விசிறியிலும் அவள் அப்பா அல்சீட் டெஜான் இருபது வயதில், தொப்பியைச் சாய்த்துப் போட்டு, ட்ரம்பெட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டிலிருந்த படங்களையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கடைசியில் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. 1957ஆம் வருஷம்; ஜாஸும் ப்ளூஸும் வாசிக்கிற ஏழு இளைஞர்கள் ஒரு பேருந்தின் முன்னால் நின்றார்கள். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். முதல் பெயர் அப்பாவுடையது. பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்த அப்பாவிடம் அதைக் காட்டினாள். அவர் இடது ஓரத்து முகத்தின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, இளமையை நினைத்து அழுகிறார் என்று அவளும் கூடவே அழுதாள்.

அந்த ஏழு பேரில் இன்று மிஞ்சியவர் கொர்னேலியஸ் ஒருவர்தான். வெர்லீனுக்கு அவர் ஞானத்தகப்பன். ஊன்றுகோலோடு படியேறி வந்தவர் விசிறியை வாங்கினார். விசிறிக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“உங்கப்பன் எந்தக் கையால ட்ரம்பெட்ட அமுக்குவான்?”

வலது கை என்று சொல்ல வாயெடுத்தவள் விசிறியைப் பார்த்தாள். பொத்தான்களின் மேல் இடது கை விரல்கள் இருந்தன. ட்ரம்பெட்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், ஒரு மாதமாகப் பார்த்தும் அதைக் கவனிக்கவில்லை.

“படத்தத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க கண்ணு. இடம் வலமா வரிசையே மாறிப்போச்சு. இது ஆம்ப்ரோஸ். உங்கப்பன் அந்தக் கோடியில நின்னான்.”

கைப்பையிலிருந்து முழுப்படத்தை எடுத்துப் பிரித்தாள். வலது கோடியில் நின்றவன், யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்பியிருந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது. அப்பாவின் இளமை முகத்தை இனி எங்கேயும் பார்க்க முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. அவர் இன்னொரு முறை செத்துப்போனதுபோல் இருந்தது.

“எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுறேன் அங்கிள். எங்கப்பா சாவுல எவனோ ஒருத்தன் மூஞ்சிய வச்சு விசிறிக்கிறதா?”

கொர்னேலியஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் எடுத்த மூன்றாம் வாரம் மிசிசிப்பியில் அவர்களுடைய பேருந்து கவிழ்ந்ததை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆம்ப்ரோஸ் பிழைத்திருப்பானாம். பக்கத்திலிருந்தது வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரி. கறுப்பர்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அல்சீட்டின் மடியில்தான் உயிர் போயிருக்கிறது. இருட்டுவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. சாலையோரக் கல்லறைத் தோட்டத்தில் அவசர அவசரமாகக் குழி தோண்டினார்கள்.

“வாசிக்கலாம்னு வாத்தியத்த எடுத்தோம். அந்த ஊர்க்காரங்க துப்பாக்கிய நீட்டினாங்க. ஒரு பாட்டு இல்லாம பொதச்சுட்டு வந்தோம்.” அவர் விசிறியைத் திருப்பி நீட்டினார். “அதுக்கப்புறம் உங்கப்பன் அவன் பேரையே எடுத்ததில்ல. திருப்பி வாங்கணும்னா வாங்கிக்க. உங்கப்பன் சாவு, உன் இஷ்டம்.”

வெர்லீனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? பிறகு அந்த விரல் நினைவுக்கு வந்தது. கொர்னேலியஸ் நீட்டிய விசிறியை அவள் வாங்கவில்லை. பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சவப்பெட்டியை மூடத் தயாராக நின்றார்கள். அவள் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, விசிறியை அப்பாவின் கைகளுக்கிடையே செருகினாள். படம் அவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

கல்லறை வரைக்கும் வாத்தியக்காரர்கள் அடிமேல் அடி வைத்து, துக்கப் பாட்டாகவே வாசித்துப் போனார்கள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலுக்கு வந்ததும், அந்த ஊர் வழக்கப்படி, சத்தம் அமுங்குவதற்காக மேளத்தில் செருகியிருந்த கைக்குட்டையை மேளக்காரர் உருவினார். முதல் அடியிலேயே தெரு ஆடத் தொடங்கியது. குடைகள் விரிந்தன. முந்நூறு விசிறிகளும் தலைகளுக்கு மேல் எழுந்தன.

வழியில் வந்து சேர்ந்துகொண்ட ஒரு பெண், ஆடிக்கொண்டே வெர்லீனிடம் விசிறியைக் காட்டினாள்.

“உங்கப்பாவா? என்ன அழகா இருந்திருக்காரு.”

“ஆமா,” என்றாள் வெர்லீன். “நல்ல அழகு.”

பக்கத்தில் கொர்னேலியஸ் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் விசிறியை உயரத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.