வெயில் படாத மணல்

ஒரு முழ நீள இரும்புக் குழாய், உள்ளே மணல், இரண்டு பக்கமும் மூடி, மேலே கறுப்பு டேப். அதைக் கொண்டுபோய்த் துணி அலமாரியில் வைத்தாளே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல! அன்றைக்கு லேப் பூட்டியிருந்தது, திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். இத்தனைக்கும் மண்ணின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனவளுக்குப் பகீரென்றது. கொளுத்தும் வெயிலில், தட்டில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது அவளுடைய மணல். நாத்தனாரின் கைவரிசை. புருஷனை விட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர், சும்மா உட்காரவே தெரியாது. குழாய் ஈரமாக இருந்ததாம், துணியெல்லாம் துருக்கறை ஆகுமே என்று கொட்டிக் காயப்போட்டாராம்.

இன்னொரு தடவை எடுக்கவும் வழியில்லை. மணல் எடுத்தது அடுக்குமாடிக்குத் தோண்டிய குழியில்; அங்கே நேற்றே கான்கிரீட் போட்டாகிவிட்டது. அதன் அடியில் இருந்தது, எந்தக் காலத்திலோ கடல் பொங்கி வந்து போட்டுவிட்டுப் போன மணல். கடல் அன்றைக்கு எப்போது வந்தது என்று தெரிந்தால்தானே, இனி எப்போது வரலாம் என்று கணக்குப் போட முடியும்? வருஷக்கணக்காக அலைந்து கிடைத்த ஒரே இடம் அது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “கண்டதையும் எதுக்கு அண்ணி தொடறீங்க?”

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா? இந்த வீட்ல என்கிட்ட யாரு என்ன சொல்றீங்க? சாப்பாடு ரெடியான்னு கேக்கறதோட சரி.”

சுருக்கென்று தைத்தது. பொய்யில்லையே. அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். புதைந்த மணல் இருட்டில் கிடக்கக் கிடக்க, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும். லேபில் மங்கலான சிவப்பு விளக்கில் பிரித்து அளந்தால், எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று தெரிந்துவிடும். வெயில் பட்டால் போச்சு, சேர்த்தது அத்தனையும் அழிந்துவிடும்.

“அப்ப இதுக்கு இப்ப என்ன வயசு?”

“பூஜ்யம்” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

 அண்ணி மெதுவாகச் சொன்னார். “நடுவுல இருந்தது இறுகிப்போய் வரவே இல்லம்மா. குச்சியால குத்திக் குத்திக் கை வலிச்சுது, மூடியைப் போட்டு மாடிப்படி மூலையில வச்சுட்டேன். உள்ள இருக்கறதுல வெயில் பட்டிருக்குமா?”

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். குழாய் இன்னும் கனமாகத்தான் இருந்தது. இரு பக்கமும் சுரண்டித் தள்ளினால் நடுவில் ஒரு பிடியாவது தேறலாம். தேறாமலும் போகலாம். இன்னும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தால், வெறுங்குழாய் என்று அவளே அதைத் தூக்கிப் போட்டிருப்பாள். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“அண்ணி, நாளைக்கு லேபுக்கு நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கு?”

“குச்சி எதுவரைக்கும் போச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும். பக்கத்துல இருந்து சொல்லுங்க.”

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.