ரிக்கரும் ஆபரேட்டரும் மஜ்னூன் பாறையும்

சவூதியின் யான்பு ரிஃபைனரி சைட்டில் பொன்னுச்சாமியின் கை அசையாமல் ஒரு இரும்புக் குழாய்கூட மேலே போகாது. அவர் ரிக்கர். தரையில் நின்றபடி கிரேன் ஆபரேட்டருக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து, இருமக்கூட இருமாதே என்று அர்த்தம். எட்டு வருஷமாக இந்தச் சைகைகளைப் பார்த்துக் கிரேன் ஓட்டுகிறவன் சுஐபு. இவர் முதுகுளத்தூர், அவன் கீழக்கரை. கேம்ப்பில் ஒரே ரூம், கீழ்க்கட்டில் இவருக்கு, மேல்கட்டில் அவனுக்கு. மச்சான், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்போது ஐம்பத்திரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு குறட்டையால் வந்தது. பொன்னுச்சாமியின் குறட்டையைச் சுஐபு போனில் பதிவு செய்து, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டான். நூற்று நாற்பது பேர் கூடிய சேஃப்டி மீட்டிங்கில் அந்த போன் அடித்தது. சைட்டே அதிரும்படி ஒரு குறட்டை. "யாரது தூங்குறது?" என்று சேஃப்டி ஆபீசர் கத்தினார். பதறிப்போன சுஐபு, குறட்டைக்குச் சொந்தக்காரர் யாரோ அவரை நோக்கி விரலை நீட்டிவிட்டான். முதல் வரிசையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்த பொன்னுச்சாமிக்கு, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியதற்காக வார்னிங் லெட்டர் கிடைத்தது.

அன்றோடு பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. அவர்கள் வேலைக்குப் பேச்சு தேவையே இல்லையே! சொல்லப்போனால் வெட்டிப் பேச்சு ஒழிந்ததில் வேலை இன்னும் சுத்தமாக நடந்தது. மாதக் கடைசியில் ப்ராஜெக்ட் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "சிறந்த கிரேன் ஜோடி" என்று இவர்களை மேடைக்கு அழைத்தார். ஆளுக்கொரு மிக்ஸியாவது வரும் என்று பொன்னுச்சாமி எதிர்பார்த்தார். மேனேஜருக்குக் கடலில் மூழ்குவதில் பைத்தியம். அதனால் பரிசும் அதுவாகவே இருந்தது. இருவருக்கும் இலவசமாக ஸ்கூபா டைவிங் பயிற்சி, அது முடிந்ததும் நடுக்கடலில் இரண்டு டைவ்.

வேண்டாம் என்று சொல்லப் பொன்னுச்சாமிக்கு வாய் வரை வந்தது. தான் பின்வாங்கினால் சுஐபு சிரிப்பான் என்று நினைத்து அடக்கிக்கொண்டார். சுஐபும் அதே கணக்கில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நாலு வெள்ளிக்கிழமை கரையோரம் இடுப்பளவு தண்ணீரிலும் கழுத்தளவு தண்ணீரிலும் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுத்தவன் நுஃமான். அவனும் கீழக்கரைதான். இருபத்தொன்பது வயது, எதையும் சிரிக்காமல் சொல்கிறவன். ஐந்தாவது வெள்ளிக்கிழமை மூன்று பேரும் படகேறினார்கள். ஓட்டுகிறவர் வங்காளதேசத்துக்காரர், ரஃபீக் பாய். முக்கால் மணி நேரப் பயணம். பொன்னுச்சாமி முன்பக்கம் உட்கார்ந்தார், சுஐபு பின்பக்கம். நடுவில் காற்றுச் சிலிண்டர்கள்.

"அண்ணே, காக்கா, ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று நுஃமான் கூப்பிட்டான். அவன் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். "இன்னைக்கு நீவாடு கொஞ்சம் வேகமா இருக்கு."

"நீவாடுன்னா?" என்றார் பொன்னுச்சாமி.

"கடலுக்குள்ள ஓடுற தண்ணி. ஆறு மாதிரி ஓடும். பாறையோட இந்தப் பக்கம் அமைதி. மூலையைத் தாண்டினா இழுத்துட்டுப் போயிடும். அதனால மூலைக்கு முன்னாடியே திரும்பிடுவோம். கட்டை விரலைத் தூக்கினா மேல போகணும்னு அர்த்தம். சூப்பர்னு அர்த்தம் இல்ல. சூப்பர்னு சொல்ல இப்படி வட்டம் போடணும். அண்ணே, நீங்க நாலு வாரமா கட்டை விரலைத்தான் தூக்குறீங்க."

"இனிமே தூக்க மாட்டேன்."

"அப்புறம், உள்ள யாரும் தனியாப் போகக் கூடாது. காக்காதான் உங்க பட்டி."

மலையாளிகள் நிறைந்த ஊரில் எட்டு வருஷம் இருந்தவருக்குப் பட்டி என்றால் நாய் என்று தெரியாதா? பொன்னுச்சாமியின் முகம் மலர்ந்தது. "சரியாச் சொன்ன தம்பி."

"இங்கிலீஷ் பட்டிண்ணே. கூட்டாளி. அவருக்கு நீங்க பட்டி."

இப்போது சுஐபின் முகம் மலர்ந்தது.

"இந்தப் பாறைக்கு என்ன பேரு?" என்று பேச்சை மாற்றினார் பொன்னுச்சாமி.

"ஷஆப் மஜ்னூன்."

"அப்படின்னா?"

"மேல வந்ததும் சொல்றேன்" என்று நுஃமான் மூச்சுக்குழாயின் முனையிலிருந்த ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீரில் சாய்ந்தான்.

கீழே போனதும் பொன்னுச்சாமி கோபம், பயம், மிக்ஸி எல்லாவற்றையும் மறந்தார். பவளப்பாறை அடுக்கு அடுக்காக இறங்கிப் போனது. கல்யாண வீட்டுச் சேலைகளைக் கொட்டிவைத்த மாதிரி மீன்கள். முட்டைக்கோஸ் போன்ற ஒரு பவளத்துக்குள்ளிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்ப்பதற்கு அவர்கள் கேம்ப்பை மேற்பார்க்கும் பாஸைப் போலவே இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று திரும்பினார். சுஐபும் அதே விலாங்கைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தான். இருவரும் சிரிக்கப் போய், சண்டை ஞாபகம் வந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்படித் திரும்பியதுதான் வினை. பொன்னுச்சாமி விறைப்பாக நாலு தட்டுக் காலைத் தட்டி முன்னால் போனார். போன இடம்தான் நுஃமான் சொன்ன மூலை.

முதலில் வாயிலிருந்து வந்த காற்றுக்குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டில் ஓடின. குமிழிக்கு என்ன வந்தது என்று அவர் யோசிப்பதற்குள் கடல் அவரையும் பிடித்து இழுத்தது. கைக்கு அகப்பட்ட ஒரு பாறை முண்டைப் பற்றினார். உடம்பு கொடிக்கம்பத்துத் துணி போலப் படுத்துப் பறந்தது. வலது காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பு, அந்த ஃபின், கழன்று, அவருக்கு முன்பாகவே எகிப்துப் பக்கமோ சூடான் பக்கமோ கிளம்பிப் போனது.

நுஃமான் பின்னால் வந்து, அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள் என்று கை காட்டினான். பதிலுக்குப் பொன்னுச்சாமிக்கு ஒரே ஒரு சைகைதான் தோன்றியது. ஆபத்து வந்தால் எட்டு வருஷமாகக் காட்டிய சைகை. பாறையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்தார். எல்லாவற்றையும் நிறுத்து!

பெரியவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்த நுஃமான், தானும் மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினான். தலையை நிமிர்த்தியபோது பொன்னுச்சாமி அங்கே இல்லை.

சுஐபுக்கு அந்தச் சைகை புரிந்தது. கை தானாக லீவரைத் தேடியது. அங்கே லீவர் இல்லை. அவன் கண் முன்னால் பாரம் ஆடியபடி போய்க்கொண்டிருந்தது. ஆடுகிற பாரத்தை எந்த ஆபரேட்டரும் விட்டுவிட்டு நிற்க மாட்டான். பாறையைக் காலால் உந்தி நீரோட்டத்துக்குள் பாய்ந்தான்.

பத்து நொடியில் பொன்னுச்சாமியின் சிலிண்டர் வாரைப் பிடித்துவிட்டான். இருவரும் சேர்ந்து பறந்தார்கள். பாறைச்சுவர் பஸ் ஜன்னலில் பார்ப்பது போல ஓடியது. இப்போது பொன்னுச்சாமி தன் நிலைக்கு வந்தார். முன்னால் வீடு உயரத்துக்கு ஒரு பவள மேடு தெரிந்தது. அதன் பின்னால் மீன்கள் அசையாமல் நின்றன. அங்கே இழுப்பு இல்லை என்று கணக்குப் போட்டார். கையை நீட்டி இடப்பக்கம் காட்டினார். சுஐபு இடப்பக்கம் உதைத்தான். விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினார். சுஐபு இறக்கினான். ஒரு கைக்கு மேல் இன்னொரு கையை வைத்தார், மெதுவாக என்று. சுஐபு மெதுவாக்கினான். நாற்பது டன் கொதிகலனை அஸ்திவாரத்தில் உட்காரவைப்பது போல, பொன்னுச்சாமியைப் பொன்னுச்சாமியே சொல்லச் சொல்ல, அந்த மேட்டுக்குப் பின்னால் இறக்கிவைத்தான்.

அங்கே கடல் குளத்துத் தண்ணீர் போல நின்றது. மூச்சு வாங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் காற்று பாதிக்கு மேல் இருந்தது.

சுஐபு எதையோ சொல்ல நினைத்துக் கையைத் தூக்கினான். தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. மன்னித்துக்கொள் என்பதற்குக் கிரேன் பாஷையில் சைகை கிடையாது. கொஞ்சம் யோசித்தான். பிறகு வலது கையால் இடது காதையும், இடது கையால் வலது காதையும் பிடித்தான். முழங்காலை மடக்கினான்.

தோப்புக்கரணம்!

பதினைந்து மீட்டர் ஆழத்தில் அது சுலபமில்லை. உட்காரப் போனால் உடம்பு மேலே மிதந்தது. எழப் போனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது தடவை தலைகீழாகவே போய்விட்டான். அப்போதும் காதை விடவில்லை. பொன்னுச்சாமிக்குச் சிரிப்பு பீறிட்டது. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. ரெகுலேட்டரைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரித்தார். ஐம்பத்திரண்டு நாள் கோபம் குமிழி குமிழியாக மேலே போனது. சரி மாப்பிள்ளை, சூப்பர் என்று சந்தோஷத்தில் கட்டை விரலைத் தூக்கினார்.

மேட்டைச் சுற்றி மூச்சிரைக்க வந்த நுஃமான் கண்டது இதைத்தான். ஒருவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் துடிக்கிறார். மற்றவர் உடனே மேலே போக வேண்டும் என்று விரலைத் தூக்கிக் கத்துகிறார்.

காது போய்விட்டது என்று முடிவு கட்டினான். சுஐபின் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினான். அதன் பிறகு யார் என்ன சைகை காட்டியும் அவன் கேட்கவில்லை. மெதுவாக இருவரையும் மேலே கொண்டுபோனான். டைவிங் விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தினான். அந்த மூன்று நிமிஷமும் சுஐபின் கன்னத்தைத் தடவித் தைரியம் சொன்னான்.

மேலே வந்தபோது படகு தூரத்தில் சோப்புக்கட்டி அளவில் தெரிந்தது. நுஃமான் ஆரஞ்சு நிறக் குழாயை ஊதி நிமிர்த்தினான். ரஃபீக் பாய் அதைப் பார்த்து வந்து சேர்ந்தார்.

படகில் ஏறியதும் நுஃமான் சுஐபை உட்காரவைத்தான். பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் வைத்தான். அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றித் தலையில் முண்டாசாகக் கட்டினான்.

"காக்கா, பேசாதீங்க. காது சவ்வு கிழிஞ்சிருக்கலாம். கரைக்குப் போனதும் டாக்டர்கிட்ட போவோம்."

சுஐபு பொன்னுச்சாமியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் கடலுக்கடியில் தோப்புக்கரணம் போட்ட கதை கீழக்கரை வரை போய்விடும். காது கேட்காதவன் போலப் பரிதாபமாக விழித்தான்.

பொன்னுச்சாமி நிதானமாக ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"தம்பி, இவனுக்கு ஒண்ணும் கேக்காதுல்ல?"

"இப்போதைக்குக் கேக்காதுண்ணே."

"அப்பச் சொல்றேன். என் ஷாம்புவைத்தான் எட்டு வருஷமா இவன் தேய்க்கிறான். பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

சுஐபு கடலைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"இவன் வீட்டம்மா ஹிஃப்ஸாகிட்ட, சைட்ல எனக்குக் கீழ முப்பது பேருன்னு சொல்லி வச்சிருக்கான். அது நெசந்தான். கிரேன் மேல உக்காந்தா எல்லாரும் கீழதான்."

நுஃமான் முதல் தடவையாகச் சிரித்தான். பொன்னுச்சாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"போன பெருநாளைக்குச் சமைக்கிறேன்னு கெளம்பி, பிரியாணியில உப்புக்குப் பதிலா சோடா உப்பைப் போட்டு, எட்டுப் பேரு ரெண்டு நாள்..."

"மூணு பேரு!" என்று எழுந்தான் சுஐபு. "மூணே மூணு பேரு மச்சான்! மத்த அஞ்சு பேரும் மீன் வாங்கித் தின்னு கெட்டது. அதையும் என் தலையில கட்டாத!"

நுஃமான் முண்டாசைப் பார்த்தான்.

"காக்கா, காது கேக்குதா?"

"இப்பத்தான் லேசா..."

"அப்ப கீழ என்னதான் செஞ்சீங்க?"

சுஐபு தலையைக் குனிந்தான். பொன்னுச்சாமி விஷயத்தைச் சொன்னார், குறட்டையிலிருந்து ஆரம்பித்து. நுஃமான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டு முடித்தான்.

"காக்கா, எனக்கு நம்பிக்கை வரல. செஞ்சு காட்டுங்க. இல்லைன்னா ரிப்போர்ட்ல காது வலின்னு எழுதணும். ரெண்டாவது டைவ் கேன்சல்."

வேறு வழியில்லை. ஆடுகிற படகில், முண்டாசோடும் ரப்பர் சட்டையோடும் சுஐபு காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். பொன்னுச்சாமி விரலைக் கீழே சுழற்றி, மேலே சுழற்றி எண்ணினார். டைவிங்குக்கு முந்தைய உடற்பயிற்சி என்று நினைத்த ரஃபீக் பாய், இஞ்சினை அணைத்துவிட்டு வந்து தானும் காதைப் பிடித்துக்கொண்டு கூடவே போட ஆரம்பித்தார். அவர் முழங்கால் முறுக்கு உடைகிற மாதிரிச் சத்தம் போட்டது.

"பாய், கிதனா?" என்று கேட்டார், எத்தனை என்று.

"பச்சீஸ்" என்றார் பொன்னுச்சாமி, சுஐபின் பக்கம் திரும்பாமலே. ரஃபீக் பாய் இருபத்தைந்தையும் போட்டு முடித்துவிட்டு, இது நல்ல பயிற்சி, இடுப்புக்குச் சுகமாக இருக்கிறது என்று நன்றி சொன்னார்.

"மஜ்னூன்னா பைத்தியம்ணே, இது பைத்தியக்காரப் பாறை" என்று சொல்லிக்கொண்டே நுஃமான் பெட்டிக்குள் தேடி, பொன்னுச்சாமிக்கு வேறொரு வலது கால் ஃபின்னை எடுத்துக் கொடுத்தான். அது இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. சுஐபு குனிந்து, அவர் காலில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டான்.