கிணற்றுத் தேக்கு

மணி அடித்ததும் சலவைப் பெண்கள் வெள்ளாவி அடுப்பை விட்டுக் கிணற்றடியில் வரிசையாக வந்து நின்றார்கள். உவர்மண்ணில் வெந்துபோன கைகளை யூனிஸ் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மிஷன் வளாகத்தில் தண்ணீர் இறைக்குமுன் ஆளுக்கொரு நன்மையைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். மற்றவர்கள் 'ஆமென்' சொல்ல வேண்டும். முன்பு சொன்னதையே சொன்னால் காலைக்கூழ் கிடையாது. மேனேஜர் சாந்தகுமார் வைத்த சட்டம்.

யூனிஸுக்கு இது கஷ்டமாக இருந்ததில்லை. காய்ந்த துப்பட்டியின் வெதுவெதுப்பு, குழம்பில் தப்பி விழுந்த ஒரு கத்தரிக்காய் என்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நன்மை அகப்படாதவர்கள் அவளிடம்தான் கடன் வாங்குவார்கள்.

"எனக்கு இன்னிக்கு ஒண்ணும் தோணலக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற லோயிஸ்.

"வேப்பங்காத்த வச்சிக்கோ. எனக்கு வேற கீது."

போன மாதம் கிணற்றின் உளுத்த உத்தரம் ராட்டினத்தோடு முறிந்து, யூனிஸின் அண்ணி ஜெபமணியின் இடுப்பில் விழுந்தது. இனி அவளால் எழுந்திருக்க முடியாது. வேலை செய்யாதவளுக்கு வளாகத்தில் அறை இல்லை, இன்று சாயங்காலம் காலி செய்யவேண்டும் என்று சாந்தகுமார் சொல்லிவிட்டார். அந்த உத்தரத்தை மாற்ற, அது முறியுமுன்பே திருப்பதியிலிருந்து தேக்கு வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அது இறங்கியது மேனேஜர் வீட்டு வாசலில்.

இன்று மிஷனுக்குப் பணம் கொடுக்கும் வெள்ளைக்காரத் துரைசானி மெட்ராஸிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது.

"சத்தமா சொல்லும்மா யூனிஸ்," என்றார் சாந்தகுமார்.

"இந்தக் கெணத்துக்குன்னு வந்த தேக்கு வீணாப் போவல. மழைல நனையல, கரையான் துன்னல. நம்ம ஐயா வூட்டு வாசக்கதவா நிக்குது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

துரைசானி மேனேஜரைப் பார்த்தாள். அவர் இங்கிலீஷில் சொன்னதில் 'வாட்டர்' என்பது யூனிஸுக்குப் புரிந்தது. கதவுக்கு 'டோர்' என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. துரைசானி கிணற்றைப் பார்த்து முகம் மலர்ந்து கைகூப்பினாள்.

லோயிஸ் வேப்பங்காற்றை விட்டுவிட்டாள். "அந்தக் கதவுக்குப் பித்தளைக் குமிழு வச்சாரே ஆசாரி, அவருக்காக ஸ்தோத்திரம்."

"மிச்சத் துண்டுல ஐயா கொழந்தைக்குத் தொட்டிலு," என்றாள் அடுத்து நின்ற சுந்தரம்மா. "ஸ்தோத்திரம்."

"ஆமென்!" துரைசானியும் சேர்ந்து சொன்னாள்.

"ஐயா ஆமென் சொல்லலியே?" என்றாள் யூனிஸ்.

துரைசானி திரும்பிப் பார்த்தாள். சாந்தகுமார் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, "ஆமென்," என்றார். துரைசானி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் நாலு பெண்கள் ஜெபமணியைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு நேர்வழி இருந்தது. யூனிஸ் மேனேஜர் வீட்டு வழியாக நடத்தினாள். வாசற்படியை அடைத்துக் கட்டிலை இறக்கச் சொன்னாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"இதுதானா?" என்றாள் ஜெபமணி.

"இதாண்ணி."

ஜெபமணி கையை நீட்டிப் பலகையைத் தடவினாள். "நல்ல மரம். இடுப்ப ஒடைக்காது."

"எங்க அண்ணி உசுரோட கீறா, ஸ்தோத்திரம்!" யூனிஸ் வெந்த கையால் கதவில் ஓங்கி அறைந்தாள். "ஆமென் சொல்லுங்க ஐயா!"

முற்றிய தேக்கு. அதிரக்கூட இல்லை.